அடுக்ககத் திடலில் டர்ஃப், மாடியில் செயற்கைப் புல், ஜிம்மில் பிவிசி சீலிங்: எதைப் போடலாம், எதைத் தள்ளலாம்?

பெரும்பாக்கம்வாசி:
வணக்கம். எங்கள் குடியிருப்பில் 96 வீடுகள். பிள்ளைகள் விளையாட 60க்கு 40 அடியில் ஒரு மண் திடல் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சேறு, மற்ற மாதங்களில் புழுதி. டர்ஃப் போட்டுவிடலாம் என்று அசோசியேஷனில் பேச்சு. வந்திருக்கும் கொட்டேஷன் இது: 40 மி.மீ. உயரச் செயற்கைப் புல், சதுர மீட்டருக்கு 20 கிலோ மணல், 8 கிலோ கறுப்பு ரப்பர் துகள். அதே ஆள் மொட்டை மாடியில் 600 சதுர அடிக்கு 'லான்', 200 சதுர அடி ஜிம் அறைக்கு பிவிசி சீலிங், தரைக்கு ரப்பர் மேட் என்று மொத்தமாக விலை சொல்லியிருக்கிறார்.

'ரப்பரில் புற்றுநோய் வரும்' என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு தரப்பு. 'ஊரெல்லாம் டர்ஃப்தானே, நமக்கு மட்டும் என்ன' என்று இன்னொரு தரப்பு. எது உண்மை, எது பயம்? திடலோர வடிகால் மழைநீர் சேகரிப்புக் கிணற்றுக்குப் போகிறது, மிகுதி தெரு வடிகாலுக்கு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பந்தடி:
முதலில் கணக்கு. 2,400 சதுர அடி என்றால் 223 சதுர மீட்டர். அந்தக் கொட்டேஷன்படி உங்கள் திடலில் கொட்டப்போவது நாலரை டன் மணல், 1.8 டன் ரப்பர். புல் விரிப்பின் எடை அரை டன் சொச்சம்தான். அதாவது 'புல்' என்று வாங்குவதில் புல் மிகக் குறைவு. பேச வேண்டியது அந்த 1.8 டன்னைப் பற்றி.

அது பழைய டயரை அரைத்த தூள், 0.5 முதல் 2.5 மி.மீ. வரை. டயரில் கார்பன் பிளாக், எண்ணெய், துத்தநாக ஆக்சைடு, ரப்பர் வெடிக்காமலிருக்கச் சேர்க்கும் ரசாயனங்கள் எல்லாம் உண்டு. எண்ணெயோடும் கார்பன் பிளாக்கோடும் பிஏஎச் என்ற சேர்மங்கள் வரும். அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை என்பது உண்மை. ஆனால் 'டயரில் இருக்கிறது' என்பதும் 'பிள்ளையின் உடம்புக்குள் போகிறது' என்பதும் ஒன்றல்ல. நெதர்லாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் 2016 டிசம்பரில் வெளியிட்ட முடிவு, இந்தத் திடல்களில் விளையாடுவதால் வரும் ஆபத்து கிட்டத்தட்டப் புறக்கணிக்கத்தக்கது என்பது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2019இலும் 2024இலும் இரண்டு பாகமாக அறிக்கை தந்தது. ரசாயனங்கள் துகளில் இருக்கின்றன, ஆனால் அவை உடலில் சேரும் அளவு குறைவாகவே தெரிகிறது என்றது. இது முழு ஆபத்து மதிப்பீடு அல்ல என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள்.

அப்படியானால் கவலையே இல்லையா என்றால், இருக்கிறது. அந்த ஆய்வுகள் அளந்தது அந்தந்த நாட்டுத் துகளை. ஐரோப்பாவில் 2022 ஆகஸ்ட் முதல் திடலுக்கு விற்கும் துகளில் எட்டு வகை பிஏஎச் சேர்ந்து கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. உங்கள் காண்ட்ராக்டர் இறக்கும் மூட்டையில் எவ்வளவு? அந்தச் சோதனைச் சீட்டைக் கேளுங்கள். 'ஐஎஸ்ஓ கம்பெனி சார்' என்று பதில் வந்தால் சீட்டு இல்லை என்று பொருள்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை சூடு. இதில் ஊகம் எதுவும் இல்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிரிகம் யங் பல்கலைக்கழகத் திடலில் 2002இல் அளந்தபோது, காற்று 37 டிகிரி செல்சியஸ் இருந்த நாளில் புல்லின் மேற்பரப்பு 93 வரை போனது. தண்ணீர் தெளித்தால் ஆறிவிடுமே என்பார்கள். அதையும் பார்த்தார்கள். 79இல் இருந்தது 29க்கு இறங்கியது, ஐந்தே நிமிடத்தில் 49, இருபது நிமிடத்தில் 73. உண்மைப் புல் தன் ஈரத்தை ஆவியாக்கித் தன்னைத் தானே குளிர்விக்கும். பிளாஸ்டிக்குக்கு அந்த வேலை தெரியாது, கறுப்பு ரப்பரோ வெயிலைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

வாடகை டர்ஃப்களில் கூட்டமெல்லாம் மாலைக்கு மேல்தான், அதனால் அங்கே இது பெரிதாகத் தெரிவதில்லை. குடியிருப்புத் திடலில் கோடை விடுமுறைப் பிள்ளைகள் பகல் பன்னிரண்டு மணிக்குச் செருப்பில்லாமல் இறங்குவார்கள். லேசர் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி செக்யூரிட்டியிடம் கொடுங்கள். 50 டிகிரிக்கு மேல் காட்டினால் கேட் பூட்டு. பங்குனி முதல் ஆனி வரை காலை 10 முதல் மாலை 5 வரை பூட்டியே வைக்கலாம், அளக்கவே வேண்டாம்.

மடுவோரம்:
பந்தடி உடம்பைப் பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். நான் தண்ணீர்ப் பக்கம் வருகிறேன். பெரும்பாக்கம் என்பதால் கூடுதலாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் தெரு வடிகால் போய்ச் சேரும் இடம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2022இல் ஏறிய இடம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் முகத்துவாரம், கடல். திடலில் இருந்து நழுவும் ஒவ்வொரு கறுப்புத் துகளுக்கும் இதுதான் வழி.

நழுவுமா என்று கேட்க வேண்டாம். ஐரோப்பிய ரசாயன முகமை அங்குள்ள திடல்களிலிருந்து ஆண்டுக்கு 16,000 டன் வரை துகள் வெளியேறலாம் என்று மதிப்பிட்டது. வேண்டுமென்றே தயாரித்துப் பயன்படுத்தும் நுண்பிளாஸ்டிக்குகளில் சூழலுக்குள் அதிகம் போவது இதுதான். அதனால்தான் 2023இல் சட்டம் கொண்டுவந்தார்கள். 2031 அக்டோபர் 17க்குப் பிறகு இந்தத் துகளை அங்கே விற்க முடியாது. உங்கள் திடலின் ஆயுள் எட்டு முதல் பத்து ஆண்டு என்று காண்ட்ராக்டர் சொல்லியிருப்பார். அவர்கள் கைவிடும் வருடத்தைத் தாண்டியும் நீங்கள் அதை வைத்திருப்பீர்கள்.

இன்னொன்று. டயர் ரப்பர் ஓசோனால் வெடிக்காமலிருக்க 6பிபிடி என்ற பொருளைச் சேர்ப்பார்கள். அது ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குவினோன் ஆகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் மழை பெய்ததும் கூட்டம் கூட்டமாகச் செத்ததற்கு இதுவே காரணம் என்று 2020 டிசம்பரில் கண்டறிந்தார்கள். அங்கே அது சாலையில் தேயும் டயரிலிருந்து வந்தது. நீங்கள் அதே டயரைப் பொடியாக்கி வாசலில் பரப்பப் போகிறீர்கள். கெளுத்தியும் விராலும் சால்மன் மாதிரியே சாகும் என்று நான் சொல்லவில்லை, மீனுக்கு மீன் இதில் வேறுபாடு மிக அதிகம். துத்தநாகம் கரைந்து வருவது மட்டும் எந்த ஊர் மழையிலும் நடக்கும். மனிதருக்கு அது பெரிய விஷயமல்ல, நீர்வாழ் உயிர்களுக்கு அப்படியல்ல.

இப்போது கிணறு. 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, திடலிலிருந்து பிளாஸ்டிக் வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். திடல் தண்ணீர் நேராகக் கிணற்றில் இறங்கினால், இரண்டு மூன்று மழைக்காலத்தில் வடிகட்டும் ஜல்லிப் படுகை ரப்பரால் அடைத்துக்கொள்ளும். பிறகு மழைநீர் உள்ளே இறங்காது. முதலில் அந்த இணைப்பை வெட்டுங்கள். கூரைத் தண்ணீர் மட்டும் கிணற்றுக்குப் போகட்டும்.

திடல் தண்ணீருக்குத் தனியாக ஒரு பிடிதொட்டி கட்டுங்கள். மூன்றடிக்கு இரண்டடி, ஆழம் மூன்றடி போதும். இதில் பலரும் கோட்டை விடும் இடம் ஒன்றுண்டு: ரப்பர் தண்ணீரைவிடக் கனம், மூழ்கும். புல் இழை பாலிஎதிலீன், மிதக்கும். அடியில் வண்டல் தங்க ஒன்றரை அடி விட்டால் ரப்பர் மாட்டும், ஆனால் இழை மேலோடு தாண்டிப் போய்விடும். வெளியேறும் குழாயில் ஒரு 'டி' பிட்டிங்கைச் செங்குத்தாகப் பொருத்தி, அதன் கீழ்வாய் நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே இருக்கும்படி வையுங்கள். மிதப்பது மேலே நிற்கும், மூழ்குவது அடியில் நிற்கும், நடுத் தண்ணீர் மட்டும் வெளியே போகும். உள்வாயில் அரை மி.மீ. கண் உள்ள ஸ்டீல் வலைக் கூடை ஒன்று. புரட்டாசியில் ஒருமுறை, மழை நடுவில் இரண்டு முறை, தையில் ஒருமுறை அள்ள வேண்டும். அள்ளியதைச் செடிக்குப் போடக்கூடாது. தொட்டியில் தண்ணீர் நிற்கும் என்பதால் கொசுவலையோடு மூடி கட்டாயம்.

பெரும்பாக்கம்வாசி:
இருவருக்கும் நன்றி. காண்ட்ராக்டரிடம் கேட்டேன். பிஏஎச் சீட்டு இல்லை. 'ரப்பர் வேண்டாமென்றால் பச்சை நிற ஈபிடிஎம் போடலாம், அது சேஃப். இல்லாவிட்டால் பொள்ளாச்சித் தென்னை நார் போட்டுத் தருகிறேன்' என்கிறார். நிஜப் புல்லே போட்டால் என்ன என்று வயதானவர்கள் சிலர் கேட்கிறார்கள்.

பந்தடி:
ஈபிடிஎம் புதிதாகச் செய்த ரப்பர். டயர் அழுக்கு அதில் இல்லை, வெயிலும் நன்றாகத் தாங்கும். ஆனால் நழுவினால் அதுவும் நுண்பிளாஸ்டிக்தான், ஐரோப்பியத் தடை அதற்கும் சேர்த்துத்தான். மட்டமான சரக்கில் சுண்ணாம்புத் தூளை அள்ளிக் கலப்பார்கள். இரண்டு வெயிலில் உதிர்ந்து பச்சை மாவாகிவிடும். ஒரு பிடி துகளை உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தேயுங்கள். கையில் பச்சை ஒட்டினால் வேண்டாம்.

தென்னை நாரும் தக்கையும் கலந்த நிரப்பி ஐரோப்பாவில் நடைமுறையில் இருக்கிறது, சூடும் குறைவு. நம் ஊரில் இரண்டு சிக்கல். சித்திரையில் காய்ந்து தூளாகிப் பறக்கும், அடிக்கடி நனைக்க வேண்டும். ஐப்பசியில் ஒரே இரவில் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கொட்டும்போது மிதந்து மூலையில் ஒதுங்கி வடிகாலை அடைக்கும், ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். முழு நேரப் பராமரிப்பு ஆள் இருந்தால் சரி. 96 வீட்டு அசோசியேஷனுக்கு நான் சொல்ல மாட்டேன்.

நிஜப் புல் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். அருகு வகைப் புல்லுக்கு நாளுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். நாலு பக்கமும் அடுக்குமாடி நிழல் விழுந்தால் சோனியாகிவிடும். கோடையில் நாளுக்கு 5 மி.மீ. என்று வைத்தாலும் உங்கள் பரப்புக்கு 1,100 லிட்டர். சுத்திகரித்த கழிவுநீர் இருந்தால் அது பெரிய விஷயமில்லை. ஆனால் இவ்வளவு சின்ன இடத்தில் தினமும் முப்பது பிள்ளைகள் ஓடினால் மூன்றே மாதத்தில் நடுவில் வழுக்கை. பெரியவர்கள் ஆசைப்படுவதை ஓரமாக ஒரு 300 சதுர அடிப் புல்வெளியாகக் கொடுங்கள், விளையாட்டுத் திடலாக அல்ல.

நான் போடச் சொல்வது: ரப்பர் இல்லாத, மணல் மட்டும் நிரப்பிய குட்டைப் புல். 20 முதல் 24 மி.மீ. உயரம், நெருக்கமான இழை. 40 மி.மீ. புல்லை நிமிர்த்தி நிறுத்தத்தான் ரப்பர் தேவைப்படுகிறது. புல் குட்டையானால் அந்தத் தேவையே போய்விடும். பூட்ஸ் போட்டுக் கால்பந்து ஆடுகிறவர்களுக்கு இது பிடிக்காது. உங்கள் திடலில் நடக்கப்போவது டென்னிஸ் பந்து கிரிக்கெட்டும் ஓடிப்பிடித்தலும். அதற்கு இது தாராளம். (ஹாக்கித் திடலில் ரப்பரும் கிடையாது, மணலும் கிடையாது. மென்மைக்கு அடியில் மெத்தை, மேலே தண்ணீர். எழும்பூர் ஸ்டேடியத்தில் பார்த்திருப்பீர்கள். செயற்கைப் புல் என்றாலே ரப்பர் என்பதெல்லாம் இல்லை.)

மெத்தை மட்டும் விடக்கூடாது. ரப்பர் போனால் விழுந்தால் தாங்க எதுவுமில்லை. அடியில் 10 முதல் 12 மி.மீ. பாலிஎதிலீன் ஃபோம் ஷாக் பேட், தண்ணீர் வடியும் துளைகளோடு. மணல் உருண்டையான சிலிக்கா மணலாக, 0.3 முதல் 0.8 மி.மீ. அளவில், கழுவிக் காயவைத்ததாக இருக்க வேண்டும். எம்-சாண்ட் கொட்ட வந்தால் லாரியைத் திருப்பி அனுப்புங்கள். அதன் முனை கூர்மை, இழையை அறுக்கும், விழுந்த முழங்காலையும் அறுக்கும். அதில் இருக்கும் மாவுத் தூள் வடிதுளையையும் அடைக்கும். எந்த மணலானாலும் பிரஷ் போடும்போது வேலையாளுக்கு முகமூடி கொடுங்கள். சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கினால் கழுவி எடுக்க முடியாது.

இந்தத் தரையில் உராய்வுக் காயம் நிஜப் புல்லைவிடக் கூடுதல். சிராய்த்தால் உடனே சோப்பு, ஓடும் தண்ணீர், பிறகு மூடிக் கட்டு. அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றில் டர்ஃப் சிராய்ப்பு வழியாக மருந்துக்கு அடங்காத 'ஸ்டாஃப்' என்ற பாக்டீரியாக் கிருமி பரவியது 2003இலேயே பதிவானது. ஒரே துண்டைப் பகிர்வதும் அது பரவ ஒரு வழி.

குளோரின்17:
ஜிம் அறைக்கு வருகிறேன். டர்ஃபைப் பற்றி ஊரே பேசும், கூரையில் ஒட்டுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பிவிசி என்று ஒரே பெயர் இருந்தாலும் இரண்டு சாதி. விறைப்பானது: குழாய், ஜன்னல், சீலிங் பேனல். வளைவது: வினைல் தரை விரிப்பு, ஒயர் உறை, ரெக்சின். வளைவதில் எடையில் கால் பங்கு முதல் பாதிக்கு நெருக்கமாக மென்மையாக்கும் எண்ணெய் இருக்கும், பெரும்பாலும் தாலேட் வகை. இது பிளாஸ்டிக்கோடு பிணைந்து இருப்பதில்லை, மெல்ல வெளியே வந்து வீட்டுத் தூசியில் சேரும். ஸ்வீடனில் 2004இல் வந்த ஆய்வில், தூசியில் தாலேட் அதிகமுள்ள வீட்டுக் குழந்தைகளுக்கு ஆஸ்துமா, தோல் அரிப்பு, மூக்கொழுகல் கூடுதலாகத் தெரிந்தது. அதுவே காரணம் என்று அந்த ஒரு ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் குழந்தை தவழும் தரையில் வளையும் வினைலை விரிக்காதே என்று சொல்ல எனக்கு அது போதும்.

சீலிங் பேனல் விறைப்பு வகை, அதில் இந்த எண்ணெய் மிகக் குறைவு. அங்கே கேட்க வேண்டியது வேறு: சூட்டில் சிதையாமலிருக்கச் சேர்க்கும் நிலைப்படுத்தி ஈயமா, கால்சியம்-துத்தநாகமா? குடிநீர்க் குழாய்க்கு ஈயத்தை விலக்க 2021இல் மத்திய அரசு விதியே போட்டுவிட்டது. குழாய் வாங்கும்போது ஐஎஸ் 4985 முத்திரை பார்ப்பது அதற்காகவும்தான். பேனல் விற்பவரிடம் 'ஈயமில்லை' என்று எழுத்தில் வாங்குங்கள். அறுக்கும்போது தூள் பறக்கும், ஆகவே அறைக்கு வெளியே அறுத்து வந்து மாட்டச் சொல்லுங்கள்.

நான் பேனலை மறுப்பதற்குக் காரணம் நெருப்பு. பிவிசியின் எடையில் 57 சதவீதம் குளோரின். தானாகச் சட்டென்று பற்றாது, தீயை எடுத்தால் அணைந்தும்விடும். விற்பவர் லைட்டர் வைத்துக் காட்டுவது இதைத்தான். காட்டாத பாதி: வேறெதுவோ எரிந்து அறை சூடாகும்போது பிவிசி ஹைட்ரஜன் குளோரைடை விடும். கண், தொண்டை ஈரத்தில் பட்டதும் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். 200 சதுர அடிக் கூரையில் பேனல் 35 கிலோவுக்கு மேல் இருக்கும். கலந்திருக்கும் சுண்ணாம்பைக் கழித்தாலும், முழுதும் சிதைந்தால் 10 கிலோ அளவுக்கு அந்த வாயு. கண் எரிந்து கதவு தெரியாமல் போவதற்கு அதில் ஒரு சிறு பங்கு போதும். ஜிம்மில் ட்ரெட்மில், ஏசி, ஸ்டெபிலைசர் என்று ஒயர் சூடாகும் இடங்கள் பல.

மாற்று எளிது: கால்சியம் சிலிகேட் போர்டு அல்லது ஜிப்சம் போர்டு. ஜிப்சம் ஈரத்துக்கு ஆகாது, மேல் மாடிக் குளியலறை கசிந்தால் உப்பிவிடும். கீழ்த்தளத்துக்கு கால்சியம் சிலிகேட். ஒயருக்கு 'எஃப்ஆர்எல்எஸ்எச்' என்று போட்டிருப்பதும் பிவிசிதான், புகை மட்டும் குறைவு. 'ஜீரோ ஹாலோஜன்' என்று கேட்டு வாங்கினால்தான் அமிலப் புகை இல்லாதது கிடைக்கும்.

'இது பிவிசியே இல்லை, டபிள்யூபிசி, மரம் கலந்தது' என்று சொல்லி விற்கும் பலகைகளில் பல பிவிசி ஃபோம்தான். பரிசோதிக்க: செம்புக் கம்பியை நெருப்பில் சிவக்கக் காட்டி, பலகையில் தொட்டு, மறுபடி நெருப்பில் வையுங்கள். சுடர் பச்சையானால் உள்ளே குளோரின். திறந்த வெளியில், காற்றுக்கு எதிரே நிற்காமல், ஒரே ஒருமுறை. தண்ணீரில் போட்டு மூழ்கினால் பிவிசி என்று பார்க்கும் சோதனை ஃபோமுக்கு ஏமாற்றும், பிவிசியானாலும் மிதக்கும்.

கடைசியாக அந்த ரப்பர் மேட். கறுப்பு மேட் என்றால் அதுவும் டயர்த் துகளைப் பசை போட்டு அழுத்தியதுதான். திடலில் ரப்பர் வேண்டாம் என்று போராடிவிட்டு, ஜன்னலை மூடி ஏசி போட்ட அறையில் அதையே விரித்து அதன்மேல் படுத்து உடற்பயிற்சி செய்வது என்ன நியாயம்? திறந்த வெளியில் காற்று அடித்துக்கொண்டு போகும் பென்சோதயசோல் போன்ற ஆவிகள் உள்ளறையில் தங்கும். அந்த 'புது டயர்' வாடைதான் அது. எடை தூக்கும் மூலைக்கு மட்டும் 50 சதுர அடி போடுங்கள், அதையும் இரண்டு வாரம் மாடி நிழலில் காற்றாட விட்டபின். மற்ற இடத்துக்கு இருக்கும் டைல்ஸே போதும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று கட்டாயம்.

ஜல்லிக்கரண்டி:
மாடியை யாரும் தொடவில்லை. மொட்டை மாடியில் செயற்கைப் புல் போடாதீர்கள். உடம்புக்குக் கேடு என்று சொல்ல வரவில்லை, கட்டடத்துக்குக் கேடு.

பெரும்பாலும் பசை போட்டு ஒட்டுவார்கள். ஐந்து வருடத்தில் புல்லைப் பிய்க்கும்போது வாட்டர்ப்ரூஃப் பூச்சும் சேர்ந்து பிய்யும், பிறகு கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகல். ஒட்டாமல் விரித்தால் அடியில் ஈரம் நிற்கும். விரிப்பின் துளைகள் தூசியால் அடைத்துவிட்டால் அங்கங்கே கால் இஞ்ச் தண்ணீர், மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஓரத்தில் நின்ற தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்கு ஏழெட்டு நாள் போதும். இழை உதிர்ந்தால் நேரே மழைநீரை இறக்கும் டவுன்டேக் குழாய், அங்கிருந்து கிணறு. திடலுக்காக மடுவோரம் சொன்ன தொட்டியை மாடிக்கும் கட்டுவீர்களா?

எதிர் பிளாட்டின் கண்ணாடி ஜன்னலில் பட்டுத் திரும்பும் வெயில் புல்லில் விழுந்தால் கோடு கோடாக உருகும். இதைச் சேதமென்று வாரண்டியில் ஏற்க மாட்டார்கள். தீபாவளி ராக்கெட் விழுந்தால் ஓட்டை, காற்று சேர்ந்தால் பற்றும். மாடி சூட்டைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் வெள்ளை கூல் ரூஃப் பூச்சு அதைவிட மலிவு, அதைவிட நன்று. உட்கார இடம் வேண்டுமென்றால் நிழல்வலையும் தொட்டிச் செடியும்.

அப்படியும் கேட்க மாட்டார்கள், எனக்குத் தெரியும். 600ஐ 150 சதுர அடியாகக் குறையுங்கள். முடிச்சுள்ள டிரெயின் ஷீட் 8 மி.மீ. அடியில், அதன்மேல் ஒட்டாமல் விரித்த 25 மி.மீ. புல், நிரப்பி எதுவும் இல்லாமல், ஓரத்தில் கனமான தொட்டிகள். கார்த்திகைக்கு முன் சுருட்டி எடுத்து அடியைக் கூட்டிக் கழுவ வேண்டும்.

திடலைப் பற்றி பந்தடியோடு எனக்குக் கொஞ்சம் கருத்து வேறுபாடு. சேறும் புழுதியும்தான் பிரச்சினை என்றால் அது மண்ணின் குறையல்ல, வாட்டத்தின் குறை. இருக்கும் மண்ணை எட்டு அங்குலம் எடுத்துவிட்டு, அடியில் நான்கு அங்குலம் 40 மி.மீ. ஜல்லி, மேலே நான்கு அங்குலம் செம்மண் கிராவலும் மணலும் கலந்து, நூற்றுக்கு ஒன்று வாட்டம் கொடுத்து, ஈரப்படுத்தி ரோலர் போட்டால் மழை விட்ட சில மணி நேரத்தில் ஆடலாம். புழுதிக்கு வாரம் இரண்டு முறை தண்ணீர். ஆண்டுக்கு ஒருமுறை ஒரு லோடு செம்மண் நிரவ வேண்டும். பத்து வருடம் கழித்துக் குப்பை என்று ஒன்று இருக்காது.

டர்ஃபின் குப்பையை யாரும் விலையில் சேர்ப்பதில்லை. மணலோடும் ரப்பரோடும் உங்கள் திடலைப் பிய்த்தால் ஏழு டன் வரும். பாலிஎதிலீன் இழை, பாலிபுரொப்பிலீன் அடித்துணி, லேடக்ஸ் பூச்சு மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியது. காயலான் கடையில் எடுக்க மாட்டார்கள். அரியலூர்ப் பக்கச் சிமென்ட் ஆலை உலைக்குப் போகலாம், ஆனால் மணலை உதறிப் பிரித்திருக்க வேண்டும். ஜிம்மில் கழற்றிய பிவிசி பேனலைக் கூடவே அனுப்ப முடியாது, குளோரின் உலைக்கு ஆகாது. கடைசியில் என்ன நடக்கும்? காலி மனையில் இரவோடிரவாகக் கொட்டுவார்கள், யாராவது கொளுத்துவார்கள். பிவிசி அப்படிப் புகைந்து எரிந்தால் டயாக்சின் என்ற நச்சு வரும்.

பந்தடி:
ஜல்லிக்கரண்டி சொன்ன செம்மண் திடல் மலிவு, சூடும் குறைவு, மறுக்கவில்லை. ஆனால் கீழே பார்க்கிங் பேஸ்மென்ட் இருந்தால் எட்டு அங்குலம் தோண்ட முடியாது. பெரும்பாக்கம்வாசி, அந்த இடத்துக்கு அடியில் ஸ்லாபா, மண்ணா?

பெரும்பாக்கம்வாசி:
மண்தான். பேஸ்மென்ட் மறுபக்கம். அப்படியானால் கூட்டத்தில் இரண்டையும் வைக்கிறேன்: செம்மண், அல்லது மணல் மட்டும் நிரப்பிய குட்டைப் புல். டர்ஃபுக்கே ஓட்டு விழுந்தால் வொர்க் ஆர்டரில் என்னென்ன எழுத வேண்டும்?

பந்தடி:
இப்படி எழுதுங்கள், காண்ட்ராக்டர் முகம் சுளித்தாலும்:

'ரப்பர், ஈபிடிஎம், டிபிஇ உட்பட எந்தப் பாலிமர் துகளும் நிரப்பக்கூடாது. புல் 20-24 மி.மீ. பாலிஎதிலீன் மோனோஃபிலமென்ட். புல் இழையில் ஈயம் பத்து லட்சத்தில் 100 பங்குக்குக் கீழ் என்று, நம் ரோல் எண் குறிப்பிட்ட ஆய்வகச் சீட்டு. ரோல் இறங்கும்போது அந்த எண்ணைச் சரிபார்ப்போம். மணல் உருண்டை சிலிக்கா, 0.3-0.8 மி.மீ., மாதிரி முன்கூட்டியே ஒரு கிலோ எங்களிடம். சுற்றிலும் 30 செ.மீ. உயரக் கட்டை, வாசலில் செருப்பு உதறும் கிரில். பிடிதொட்டி வேலை முடிந்த பிறகே புல் இறங்கும். ஐந்தாண்டு வாரண்டியில் வெயிலால் இழை உடைவதும் சேரும். ஆயுள் முடிந்தபின் விரிப்பை எடுத்துச் செல்வது ஒப்பந்ததாரர் பொறுப்பு. அதற்காக மொத்தத் தொகையில் 10 சதவீதம் அசோசியேஷன் பெயரில் வைப்பில் இருக்கும்.'

மணல் மாதிரியை ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி போட்டு, தண்ணீர் ஊற்றிக் கலக்கி ஐந்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் பால் மாதிரி கலங்கியே நின்றால் கழுவாத மணல்.

மடுவோரம்:
அந்த 10 சதவீத வரியை மட்டும் எந்தப் பேரத்திலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். இன்னொன்று, பிடிதொட்டி மூடியை ஒரு ஆள் தனியாகத் தூக்கும் எடைக்குக் கீழே, இரண்டு துண்டாகப் போடச் சொல்லுங்கள். தூக்க முடியாத மூடி என்றால் யாரும் அள்ள மாட்டார்கள்.